எண்டோமெட்ரியல் அப்லேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மூன்று வாரத்தில் தேதி

பவளமல்லி

வணக்கம் தோழிகளே. வயது 41, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது சிசேரியன், அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. மூன்று வருடமாக மாதவிடாய் வரப்போகிறது என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒன்பது நாள் போகிறது, அதில் 2, 3, 4 ஆகிய நாட்கள்தான் கொடுமை. மணிக்கு ஒரு நாப்கின், அதுவும் இருப்பதிலேயே பெரியது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கட்டி இறங்குவது அப்படியே தெரியும், இரண்டு நொடி அசையாமல் நின்றுவிட்டு, நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். ராத்திரி பழைய துண்டை நாலாக மடித்துக் கீழே போட்டுப் படுக்கிறேன். 2 மணிக்கு ஒரு அலாரம், 5 மணிக்கு ஒன்று. வலியும் சேர்ந்தே வருகிறது, முதல் இரண்டு நாள் இடுப்பு நிமிராது.

போன மாதம் மாடி ஏறும்போது கண் இருட்டிவிட்டது. டெஸ்ட் எடுத்தால் ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, நார்க்கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், அப்லேஷன் பண்ணிவிடலாம், உள்ளே இருக்கும் சவ்வை மட்டும் சுட்டுவிடுவோம், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார். மொத்தமே ஐந்து நிமிடம்தான் பேசினார், வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை, தேதி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்துகொண்டவர்கள் இருந்தால் நல்லதும் கெட்டதும் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி எல்லாம் இதேதான் ஓடுகிறது.

தாழம்பூ

பவளமல்லி, நீங்கள் எழுதிய அந்த நாற்காலி விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

47 வயதில் செய்துகொண்டேன், இப்போது 51. எனக்கு வலி என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை, ரத்தம் மட்டும்தான் ஆறாக ஓடும். மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதலில் பயாப்ஸி எடுத்தார்கள், புற்று சம்பந்தமாக எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தேதியே கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் வரை அடிவயிறு இழுத்துப் பிடித்தது, மாதவிடாய் வலி மாதிரியேதான், கொஞ்சம் கூடுதல். மறுநாள் வலி மாத்திரை ஒன்று போதுமானதாக இருந்தது. அப்புறம் மூன்று வாரம் வரை தண்ணீர் மாதிரி, லேசான சிவப்பு கலந்து வந்துகொண்டே இருந்தது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்துவிட்டேன், ஆனால் அது வழக்கமானதுதானாம்.

முதல் மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நாலாவது மாதத்திலிருந்து ஒரு நாள், இரண்டு நாள், சின்ன பேட் ஒன்றே போதும். ஒன்றரை வருடத்தில் அதுவும் நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் எனக்காக நான் எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று. பயப்படாதீர்கள்மா.

நீர்க்கோடு

தாழம்பூ அக்காவுக்கு நல்லபடியாக நடந்ததில் மனதாரச் சந்தோஷம். ஆனால் என் கதையையும் பவளமல்லி படிக்க வேண்டும், ஏனென்றால் அவர் சொல்லும் விவரங்கள் என்னுடையவை போலவே இருக்கின்றன.

எனக்கு அப்போது 38. நானும் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள், எனக்கும் ரத்தப்போக்கோடு கடுமையான வலி இருந்தது. அப்லேஷன் செய்த முதல் வருடம் சொர்க்கம். ரத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, பார்ப்பவர்களிடம் எல்லாம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது மாதம் வலது பக்கம் அடிவயிற்றில் ஒரு குத்தல் ஆரம்பித்தது. மூன்று நாள் இருந்தது, போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடி. ரத்தம் ஒரு சொட்டு கிடையாது, வலி மட்டும் தேதி தவறாமல் வரும். குடல் பிரச்சினை என்றார்கள், சிறுநீர்த் தொற்று என்றார்கள், ஆன்டிபயாடிக் மூன்று முறை சாப்பிட்டேன். மாதவிடாய்தான் இல்லையே என்று நானும் கர்ப்பப்பையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

கடைசியில் ஒரு டாக்டர்தான், வலி வருகிற அன்றே ஸ்கேன் எடுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மூலையில் ரத்தம் தேங்கி நிற்கிறது. சவ்வு முழுவதும் போகவில்லை, மேல் மூலையில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அது மாதாமாதம் ரத்தம் விடுகிறது, வெளியே வரும் வழி தழும்பாகி ஒட்டிக்கொண்டுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டில் கருக்குழாயையும் கட்டியிருப்பதால் அந்தப் பக்கமும் வழி இல்லை. 40 வயதில் கர்ப்பப்பையை எடுத்தேன். எதைத் தவிர்க்கலாம் என்று போனேனோ அதுவே நடந்தது, நடுவில் ஒன்பது மாத வலி வேறு.

எனக்குக் கோபம் அப்லேஷன் மேல் இல்லை. குழாய் கட்டியிருக்கிறது, வயது நாற்பதுக்குக் கீழே, வலி இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் தோற்கும் வாய்ப்பு கூடுதல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே, அதுதான் கோபம்.

பவளமல்லி

நீர்க்கோடு, படித்ததும் கை நடுங்கிவிட்டது. வலி, குழாய் கட்டியது, இரண்டும் எனக்கும் இருக்கிறதே. டாக்டரிடம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. இப்போது தேதியைத் தள்ளிப்போடுவதா? பயாப்ஸியும் எனக்கு எடுக்கவில்லை, கட்டாயம் எடுக்க வேண்டுமா?

இரவுப்பணி

பவளமல்லி, நான் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் நின்ற நர்ஸ். டாக்டர் கிடையாது, அதனால் உங்களுக்கு இதுதான் சரி என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெளிவாகத் தெரிந்தால் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையின் உட்சவ்வு இரண்டு அடுக்கு. மேல் அடுக்குதான் மாதாமாதம் வளர்ந்து உதிர்வது. அடி அடுக்கு உதிராது, அதிலிருந்துதான் அடுத்த மாதத்துக்கான மேல் அடுக்கு மறுபடி முளைக்கிறது. மேலே மட்டும் சுரண்டினால், டி அண்ட் சி செய்வது போல, ஒன்றிரண்டு மாதத்தில் பழையபடி வந்துவிடும். அப்லேஷன் அந்த அடி அடுக்கையும் அதற்குக் கீழே இருக்கும் தசையில் சில மில்லிமீட்டரையும் சேர்த்துச் சுடுகிறது. எங்கேயாவது கொஞ்சம் தப்பிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி முளைக்கும். குழாய் திறக்கும் இரண்டு மூலைகளில்தான் இப்படித் தப்புவது அதிகம், அங்கே தசைச் சுவரும் மெல்லியது, ஆழமாகச் சுடவும் முடியாது. நீர்க்கோடுக்கு நடந்தது இதுதான்.

1981-இல் மில்டன் கோல்ட்ராத் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் லேசரால் இதைச் செய்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அப்புறம் மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பது, உருளையால் சுடுவது என்று வந்தது. அவை எல்லாமே கேமராவில் பார்த்துக்கொண்டே கையால் செய்வது, டாக்டரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது, கர்ப்பப்பையை விரித்துப் பிடிக்க உள்ளே செலுத்தும் திரவம் ரத்தத்தில் அதிகமாகக் கலந்துவிடும் அபாயமும் உண்டு. 1990-களின் கடைசியில் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் வந்தன. சுடுநீர் பலூன், நேரடியாகச் சுடுநீரையே சுற்றவிடுவது, குளிரால் உறைய வைப்பது, மைக்ரோவேவ், ரேடியோ அலை என்று பலவகை. இப்போது பல இடங்களில் செய்வது நோவாஷூர் என்ற ரேடியோ அலைக் கருவி.

அதை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மெல்லிய குழாய், அதன் நுனியில் மடங்கிய விசிறி போல ஒரு வலை. உள்ளே போனதும் விரிந்து முக்கோணமாகி, கர்ப்பப்பையின் உள்வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடனே சுடாது. முதலில் கொஞ்சம் கரியமில வாயுவை உள்ளே விட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று கருவி தானே பார்க்கும். கசிந்தால் ஓட்டை இருக்கலாம் என்று அர்த்தம், கருவி வேலையைத் தொடங்காது. சரியாக இருந்தால்தான் மின்சாரம் போகும். சுடும் நேரம் சராசரியாக 90 நொடி, 2 நிமிடத்தைத் தாண்டாது. நான் முதல் முறை பார்த்தபோது கையுறையைச் சரிசெய்துவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. பத்து வருடத் துன்பத்துக்கு இவ்வளவுதானா என்று அப்படியே நின்றுவிட்டேன்.

இந்தச் சுருக்கம்தான் இதன் பலம், இதுவேதான் ஆபத்தும். இவ்வளவு சுலபமாக இருப்பதால் இது யாருக்கு ஏற்றது என்ற கேள்வியைப் பலரும் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயாப்ஸி கட்டாயம். சவ்வைச் சுட்டுவிட்டால் அதை மறுபடி எடுத்துப் பார்க்க முடியாது. உள்ளே சவ்வு அளவுக்கு மீறித் தடித்திருக்கிறதா, புற்றின் ஆரம்பம் இருக்கிறதா என்று தெரியாமல் அதன் மேல் தழும்பை உண்டாக்குவது கூடவே கூடாது. அப்புறம், சிசேரியன் என்றீர்கள். வழக்கமாகக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டுவார்கள், அது பெரும்பாலும் தடை இல்லை. மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் சுவர் மெலிந்திருக்கும், சூடு வெளியே போய்க் குடலைச் சுட்டுவிடக்கூடும், அவர்களுக்கு இந்தக் கருவிகளைப் பயன்படுத்த மாட்டார்கள். தோலில் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, கட்டி இல்லை, வலி கடுமை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அடினோமயோசிஸ். உட்சவ்வு தசைக்குள்ளேயே புகுந்து வளர்வது. அப்படி இருந்தால் மேலே சுட்டாலும் தசைக்குள் ஆழமாக இருப்பது அப்படியே இருக்கும், வலியும் இருக்கும். இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.

சிறுதூறல்

இரவுப்பணி அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். மாதவிடாயே நின்றுவிடும் என்றால் கருத்தடை தேவை இல்லைதானே? என் அக்கா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இரவுப்பணி

உங்கள் அக்காவிடம் இன்றைக்கே பேசுங்கள். அப்லேஷன் கருத்தடை கிடையாது. சினைப்பை வழக்கம்போல மாதாமாதம் முட்டை விடும். கரு தங்குவது அரிது, ஆனால் தங்குகிறது. தங்கினால் தழும்பான இடத்தில் நஞ்சுக்கொடி சுவரோடு ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகலாம், கரு கலையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். இனி குழந்தை வேண்டாம் என்று நிச்சயமாக முடிவெடுத்தவர்களுக்குத்தான் இதைச் செய்வது, செய்த பிறகும் மெனோபாஸ் வரை உறுதியான கருத்தடை வேண்டும்.

வெண்முகில்

எல்லோரும் நேராக ஆபரேஷனுக்கே போகிறோமே, நடுவில் இருப்பதை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு 43. ஹார்மோன் காயில், மிரெனா என்ற பெயரில் வருவது, போட்டு நாலு வருடம் ஆகிறது. கர்ப்பப்பைக்குள் இருந்துகொண்டே லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், சவ்வு மெலிந்துவிடும். பலருக்கு ரத்தப்போக்கு 70 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதலில், பெரிய கட்டி இல்லாதவர்களுக்கும் அடினோமயோசிஸ் உள்ளவர்களுக்கும் முதலில் யோசிக்கச் சொல்வது இதைத்தான். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும். சுட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாலு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை பட்டுக்கொண்டே இருந்தது, மார்பு கனத்தது, இதை எடுத்து எறிந்துவிடலாம் என்று மூன்று முறை கிளம்பினேன். ஆறு மாதம் தருகிறேன் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஐந்தாவது மாதத்தில் அடங்கியது. என் தங்கைக்கு அதே காயில் முதல் மாதவிடாயின் வேகத்திலேயே வெளியே வந்துவிட்டது, அதுவும் நடக்கும்.

மாத்திரையும் இருக்கிறது. டிரானெக்சாமிக் ஆசிட், ரத்தம் அதிகம் போகும் நாலைந்து நாட்கள் மட்டும் சாப்பிடுவது, ஹார்மோன் கிடையாது, பாதி அளவுக்குக் குறைக்கும். கால் நரம்பில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது. பவளமல்லி, உங்களுக்கு இதெல்லாம் கொடுத்துப் பார்த்தார்களா?

பவளமல்லி

இல்லை வெண்முகில். வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மட்டும்தான். காயில் என்றாலே கருத்தடைக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

பாதிவழி

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு 35. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகத்தான் போகும் என்பாள், பல் பிடுங்கியபோதும் ரத்தம் நிற்க ஒரு நாள் ஆனது. அவளுக்கும் அப்லேஷன் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எழுதியதைப் பார்த்தால் முப்பத்தைந்து சின்ன வயது போலத் தெரிகிறதே.

இரவுப்பணி

தாராளமாக எழுதுங்கள் தம்பி, நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி.

பல் பிடுங்கியதையும் வயதுக்கு வந்த நாள் தொட்டு இருப்பதையும் டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கலாம். வான் வில்பிராண்ட் நோய் என்று ஒன்று, பரம்பரையாக வருவது. அதிக ரத்தப்போக்கோடு வரும் பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் வரை இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு ரத்தப் பரிசோதனை தனியாக இருக்கிறது, சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும் இது தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டேபிளிலேயே சிக்கல்.

வயது பற்றி. வடக்கு கலிஃபோர்னியாவில் அப்லேஷன் செய்துகொண்ட 3,681 பெண்களை 8 வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மொத்தத்தில் 21 சதவீதம் பேர் பிறகு கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. 40 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் அது 40 சதவீதத்தைத் தாண்டியது. காரணம் சுலபமாகப் புரியும். 48 வயதில் செய்தால் மிச்சம் இருக்கும் சவ்வு மறுபடி வளர்வதற்குள் மெனோபாஸ் வந்துவிடும். 35-இல் செய்தால் அந்தச் சவ்வுக்கு முன்னால் பதினைந்து வருடம் இருக்கிறது.

நீர்க்கோடு

இந்தக் கணக்கை எனக்கு அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால்.

கல்மண்டபம்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இங்கே கர்ப்பப்பையை எடுப்பது என்றால் தோல்வி என்பது போலவே எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு 44-இல் எடுத்தார்கள், வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி, சினைப்பை இரண்டையும் விட்டுவிட்டார்கள். ஆறு வாரம் கஷ்டம்தான், எடை தூக்கக்கூடாது, குனியப் பயம். ஆனால் அதற்குப் பிறகு இந்த விஷயத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்டு 2019-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், கர்ப்பப்பையை லேப்ராஸ்கோபியில் எடுத்து அதன் வாயை மட்டும் விட்டுவைத்தவர்களில் 97 சதவீதம் பேர் 15 மாதம் கழித்துத் திருப்தி என்றார்கள், அப்லேஷன் செய்தவர்களில் 87. இரண்டுமே நல்ல எண்ணிக்கைதான், ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது.

சினைப்பையையும் சேர்த்து எடுத்தால்தான் உடனே மெனோபாஸ், எலும்பு, இதயம் என்று பிரச்சினை வரிசை கட்டும். அதனால் எடுப்பது என்று முடிவானால், எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்று கையெழுத்துப் போடும் முன் தனித்தனியாகக் கேளுங்கள். என்னோடு அதே வாரம் செய்துகொண்ட ஒருவர், சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்பதை வீட்டுக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தாழம்பூ

கல்மண்டபம் சொல்வது சரி. நான் பயப்படாதீர்கள் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கு 47, வலி இல்லை, குழாய் கட்டவில்லை, அதனால் எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது. பவளமல்லிக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொன்னது அவசரம்.

ஒன்று கேட்க வேண்டும். எனக்கு இப்போது உடல் சூடேறுகிறது, ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது. மாதவிடாய்தான் ஏற்கெனவே நின்றுவிட்டதே, இது மெனோபாஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா?

இரவுப்பணி

அக்கா, உங்கள் வயதில் அந்த அறிகுறிகளை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்வார்கள், அப்லேஷன் சினைப்பையைத் தொடுவதில்லை என்பதால் மெனோபாஸ் வழக்கமான வயதில்தான் வரும். ஹார்மோன் எடுப்பதாக இருந்தால் உங்களுக்கு அப்லேஷன் ஆகியிருக்கிறது என்றும் கர்ப்பப்பை இருக்கிறது என்றும் இரண்டையும் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுவிட்டதே என்று ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரக்கூடாது. எங்கேயாவது மிச்சம் இருக்கும் சவ்வை அது வளர்த்துவிடும், அதனால் புரோஜெஸ்டரோனும் சேர்ந்தே வேண்டும். எப்போதாவது மறுபடி ரத்தம் பட்டால் ஒரு துளி என்றாலும் விட்டுவிடாதீர்கள். தழும்புக்குள் பயாப்ஸி எடுப்பது கடினம், ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது.

பவளமல்லி

தோழிகளே, நேற்று டாக்டரைப் பார்த்தேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன், இரவுப்பணி அக்கா எழுதியதை அப்படியே. தாளைப் பார்த்ததும் கோபப்படுவாரோ என்று பயந்தேன். வாங்கிப் படித்தார், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், வலி எத்தனை நாள் என்று அப்போதுதான் கேட்டார். குழாய் கட்டியதை நான் முன்பு சொல்லவே இல்லையாம். தேதியை ரத்து செய்துவிட்டு பயாப்ஸி, எம்ஆர்ஐ இரண்டும் எழுதிக்கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏறாமல் எதுவும் வேண்டாம் என்று இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றவும் சொல்லியிருக்கிறார். உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற டெஸ்டும் எடுத்தார்கள், 6 இருக்கிறது. 30-க்குக் கீழே போனாலே பற்றாக்குறையாம். எனக்கு முடி கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் வேலைப்பளுவால் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதிவழி

இங்கேயும் செய்தி இருக்கிறது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனையில் வான் வில்பிராண்ட் அளவு குறைவு என்று வந்திருக்கிறது, மறுபடி ஒருமுறை எடுத்து உறுதி செய்ய வேண்டுமாம். ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவள் அம்மாவுக்கும் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனதாக இப்போதுதான் பேச்சு வருகிறது. அப்லேஷன் பேச்சு நின்றுவிட்டது. இரவுப்பணி அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பவளமல்லி

ஏழு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும். இந்த இழையைத் தேடி யாராவது வருவார்கள், முடிவு தெரியாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பயாப்ஸி நார்மல். எம்ஆர்ஐயில் அடினோமயோசிஸ் என்று தெளிவாக வந்தது, பின்சுவர் முழுக்க. அப்லேஷன் செய்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், வலி அப்படியே இருந்திருக்கும், குழாய் கட்டியதால் நீர்க்கோடுக்கு வந்ததும் வந்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். கர்ப்பப்பையை எடுப்பதையும் பேசினோம். நான் ஹார்மோன் காயிலைத் தேர்ந்தெடுத்தேன். வெண்முகில் சொன்ன ஆறு மாதக் கெடுவை நானும் வைத்துக்கொண்டேன். முதல் மூன்று மாதம் தினமும் கறை, அழுகை, எரிச்சல். இப்போது மாதம் மூன்று நாள், சின்ன பேட். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் நிமிர்ந்து நடக்கிறேன். ஹீமோகுளோபின் 12.1. போன வாரம் போனில் அந்த 2 மணி அலாரத்தையும் 5 மணி அலாரத்தையும் அழித்துவிட்டேன்.

காயில் கைவிட்டால் அடுத்து கர்ப்பப்பையை எடுப்பதுதான், அதற்கும் மனதைத் தயாராக வைத்திருக்கிறேன்.

நீர்க்கோடு

பவளமல்லி, அந்த அலாரம் வரியைப் படித்துவிட்டு அழுதேன். நன்றாக இருங்கள்.

அல்லித்தண்டு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இழையை முழுதாகப் படித்துவிட்டேன். எனக்கு 48. வலி கிடையாது, குழாய் கட்டவில்லை, கணவர் வாசெக்டமி செய்துகொண்டவர். பயாப்ஸி நார்மல், ஹிஸ்டரோஸ்கோபியில் உள்ளே பார்த்துவிட்டார்கள், பாலிப்போ கட்டியோ இல்லை. காயில் ஒரு வருடம் போட்டுப் பார்த்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தலைவலி. அடுத்த வியாழக்கிழமை அப்லேஷன். தாழம்பூ அக்காவின் கதைதான் என்னுடையது போல இருக்கிறது, சரிதானே?

தாழம்பூ

ஆமாம்மா, அப்படியே என்னுடையதுதான். முழுதாக நிற்கும் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். என்னோடு செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் லேசாக வந்துகொண்டுதான் இருக்கிறது, அவர்களும் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். எப்படி இருக்கிறது என்று மூன்று மாதம் கழித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இரவுப்பணி

அன்று வண்டி ஓட்டாதீர்கள், கூட ஒருவர் வரட்டும், ராத்திரியும் யாராவது வீட்டில் இருக்கட்டும். கிளம்பும் முன் வலி மாத்திரை எப்போது, எத்தனை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் வலி இருக்கும், அது நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். மறுநாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கீழே கசிவது நாற்றம் அடித்தாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்ணீர் மாதிரி வருவதற்குப் பேட் மட்டும், உள்ளே வைக்கும் எதுவும் வேண்டாம், தாம்பத்தியத்துக்கு எத்தனை வாரம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கே ஒரு வரி போடுங்கள், நான் பார்ப்பேன்.